டாக்டருக்கு மூன்று மார்க்

போன மாதம் நாகர்கோவிலில் ஒரு மருத்துவமனையில் என் மகளுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்தது. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் குளச்சலில் மீன் ஏலம் விடுகிறவர். வெள்ளைத் தாடி, இடுப்பில் கட்டம் போட்ட சாரம், கத்திக் கத்திக் கரகரத்த குரல். பழைய படப் பைத்தியம். கண்ணில் படுகிற எல்லோருடைய நடிப்புக்கும் மார்க் போடுவார். ஊசித் தட்டோடு போன நர்ஸுக்கு ஆறு கொடுத்தார்.

“கலர் வந்ததோட நடிப்பு போச்சு சாரே. கறுப்பு வெள்ளையில மொகத்த காட்டினானுவ. கலர்ல சட்டைய காட்டுதானுவ.”

நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என் பக்கம் சாய்ந்தார்.

“பழைய படத்துல டாக்டர் வெளிய வந்து கண்ணாடிய கழட்டினா ஆள் போச்சுன்னு அர்த்தம். வசனமே வேண்டாம். அந்த நடிப்புக்குப் பத்துக்குப் பத்து குடுப்பேன், கேட்டியளா?”

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. டாக்டர் வெளியே வந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“ஐயோ, எம் மோளே!” என்று அலறித் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் மிரண்டுபோனார். “ஏசியில இருந்து வந்தேன்லா, கண்ணாடியில ஆவி படிஞ்சிட்டு. தொடைக்கக் கழட்டினேன் சார். பிள்ள நல்லா இருக்கா.”

என்னைக் கைபிடித்துத் தூக்கியவர் அந்த மனிதர்தான். “டாக்டருக்கு மூணு மார்க்குதான் சாரே. ஒங்களுக்கு ஒம்பது” என்று காதோரம் சொன்னார்.

மகள் மறுபடியும் கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். யாராவது கண்ணாடியைக் கழற்றினால் எனக்கு இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனாலும் அப்படி உயிர் போக அலறினேனே, அந்த ஒரு மார்க்கை எதற்குக் குறைத்தார் என்பதுதான் விளங்கவில்லை.