வெடி இல்லாமல் வந்த சீர்

கல்குவாரி வெடியில் கூட்டாளியைப் பறிகொடுத்தவன் நான். "காது நல்லாத்தான் இருக்கு, மூளைதான் எந்த வெடியையும் அந்த வெடியாவே எடுத்துக்குது" என்றார் டாக்டர்.

அக்காவின் மூத்த மகள் காதுகுத்தில், கேலிக்குப் பயந்து இதைச் சொல்லாமல் விட்டேன். தாய்மாமன் நான் சீரோடு இறங்கியதும் வெடி வைத்தார்கள். தட்டைப் போட்டுவிட்டு வேனுக்கடியில் புகுந்தேன். ஊரே சிரித்தது.

இந்த வருஷம் இளையவளுக்குக் காதுகுத்து. அரிமளம் மண்டப வாசலில் அத்தானின் பங்காளி சரவெடியைப் பிரித்தார்.

"வெடி வேணாங்க. எனக்குப் பயம்" என்றேன்.

"வெடி இல்லாம மாமன் சீரா?"

"அப்ப சீரோட திரும்பிப் போறேங்க."

அக்கா சரத்தைப் பிடுங்கித் தண்ணீர் வாளியில் போட்டாள்.

குழந்தையை மடியில் வைத்துப் பிடித்தேன். காது குத்தியதும் வீறிட்டாள். அந்தச் சத்தம் எனக்கு அவள் அழுகையாகவே கேட்டது. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்; என் சீர் இனி இப்படித்தான் வரும்.