நனையக் கூடாத பலகையில் ஒரு குளியலறை

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பு தேறிய முதல் ஆள் நான். தேறிய கையோடு அம்மாவுக்கு ஒரு குளியலறை கட்டித் தருவது என்று முடிவு செய்தேன். கட்டப்போவது அப்பா, வரைபடம் என்னுடையது.

தேவை அவசரமானது. மண்ணூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் முன்பு வேர்க்கடலைக் கொல்லை மட்டும்தான் இருந்தது. அம்மா கிணற்றடியில் பாவாடையை மார்பில் ஏற்றிக் கட்டிக்கொண்டு நிதானமாகக் குளிப்பாள். பிறகு கொல்லைக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலை வந்தது. ஷிப்ட் முடிந்தவர்கள் எங்கள் வரப்பைக் குறுக்குவழியாக்கிக்கொண்டார்கள். தொழிற்சாலைச் சங்கு ஊதினால் இரண்டே நிமிடத்தில் சைக்கிள் மணி கேட்கும். தலையில் சீயக்காயோடு அம்மா வீட்டுக்குள் ஓடிவந்து, மிச்சத்தை அடுப்படியில் அலசியதெல்லாம் உண்டு. அவள் கேட்டது ஒன்றுதான். பட்டப்பகலில், கதவைச் சாத்திக்கொண்டு, சங்கைப் பற்றி நினைக்காமல் ஒரு எண்ணெய்க் குளியல்.

எதை வைத்து மறைப்பது என்று ஒரு வாரம் சண்டை நடந்தது. பக்கத்து வீட்டு அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, தென்னங்கீற்றுத் தட்டி போதும் என்றாள். "மழைக்கு மின்னாடியே கறையான் துன்னுடும்கா" என்று அப்பா அதை முடித்துவிட்டார். தார் டின்னை வெட்டிப் பிரித்த தகடு என்று அவரே ஒன்று சொன்னார். அம்மா ஒப்பவில்லை. "சித்திர வெயில்ல அதுக்குள்ள நின்னா அப்பளமாட்டம் பொரிஞ்சிடுவேன்."

கடைசியில் ஜெயித்தது பலகை. அப்பா அந்தத் தொழிற்சாலையில்தான் சுமை இறக்கும் வேலை பார்த்தார். மிஷின் வந்திறங்கிய மரப்பெட்டிகளின் பலகைகளைக் கேட்டு வாங்கி, மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினார். அவற்றில் கறுப்பு மையில் ஒரு குடை, ஒரு கண்ணாடிக் கோப்பை, அம்புகள், ஆங்கில எழுத்துகள்.

"குடை போட்டுகீதே, இன்னாடி எழுதிகீது?" என்றாள் அத்தை.

தெருவில் ஆங்கிலம் படிக்க என்னை விட்டால் ஆள் கிடையாது. குரலை உயர்த்தியே படித்தேன். "கீப் டிரை. நனைக்கக் கூடாதுன்னு அர்த்தம்."

"அடிப்பாவி! இத்த வெச்சா உங்கம்மாவுக்கு குளிக்கிற ரூமு கட்டப்போற?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதற்கு மேல் அந்த வாக்கியத்தைப் பற்றி யோசிக்கவில்லை. என் கவலை முழுக்க அம்புகளின் மேல் இருந்தது. 'இந்தப் பக்கம் மேலே' என்று போட்டிருக்கிறதே! எல்லா அம்புகளும் வானத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். இரண்டு பலகைகளைப் பிடுங்கித் திருப்பி அடிக்க வைத்தேன்.

"அம்பு கீழ பாத்தா இன்னாம்மா? உங்கம்மா தலகீழாவா குளிக்கப்போறா?" என்றார் அப்பா.

நாலடிக்கு மூன்றடி, கட்டம் போட்ட நோட்டில் அளவெல்லாம் துல்லியமாக இருந்தது. சவுக்குக் கால் நட்டு, கீழே கருங்கல் பாவி, கூரை இல்லாமல் மூன்று பக்கமும் பலகை அடித்து முடித்தார். அதே பலகையில் செய்த கதவை மாட்டும்போதுதான் தகராறு வந்தது.

"மரம் தண்ணி குடிச்சா உப்பும்மா. கதவாண்ட ஒரு வெரல் எடம் வுடணும்."

"ஒரு விரல் இடுக்கு போதும்பா, வரப்புல போறவன் கண்ணு வைக்க. இடுக்கு விட்டா அப்புறம் மறைப்பு எதுக்கு?"

"நோட்டுல அப்படித்தான் கீதா?"

"அப்படித்தான் இருக்கு."

அப்பா நோட்டுக்கு மரியாதை கொடுப்பவர். கதவை இடுக்கில்லாமல் அளந்து மாட்டிவிட்டார்.

அம்மா தேர்ந்தெடுத்த பொருள் ஒன்றே ஒன்று, தாழ்ப்பாள். ஸ்ரீபெரும்புதூரில் இரும்புக் கடைக்காரர் எடுத்துப் போட்ட அத்தனையையும் இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு, இருப்பதிலேயே பெரியதை எடுத்தாள். "கோயில் கதவுக்கா?" என்று கடைக்காரர் கேட்டாராம்.

வெள்ளிக்கிழமை குளியல் என்று நாள் குறித்தாயிற்று. முதல் குளியல் பளிச்சென்று இருக்கட்டும் என்று காலையில் நானே பத்துக் குடம் தண்ணீர் சேந்தி, பலகைகளைத் தேய்த்துக் கழுவினேன். மதியம் அம்மா எண்ணெய்க் கிண்ணமும் சீயக்காயும் வெந்நீர் அண்டாவுமாக உள்ளே போனாள். கதவு கொஞ்சம் முரண்டு பிடித்தது. இரண்டு கையாலும் இழுத்துச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் அத்தை வீடு வரை கேட்டது.

ஒரு மணி நேரம் உள்ளே தண்ணீர்ச் சத்தம் நிற்கவே இல்லை. பிறகு தாழ்ப்பாளை நீக்கும் சத்தம். பிறகு ஒரு இடி. இன்னொரு இடி.

"ஏய், கதவு வரலடி."

நான் வெளியிலிருந்து இழுத்தேன். அத்தை என் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். கதவும் நிலையும் தண்ணீர் குடித்து உப்பி ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருந்தன. கதவையொட்டி, கண்ணுக்கு நேராகக் குடைப் படம். எனக்குக் காது சுட்டது.

அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. வரப்பில் சைக்கிள்கள் வந்துவிட்டன. ஒருவர் இறங்கி, "இன்னா ஆச்சு? ஒடச்சி வுடட்டுமா?" என்று கேட்டார்.

"ஒன்னும் ஆவல. நீ வூடு போய்ச் சேரு!" என்று அத்தை துடைப்பத்தைத் தூக்கினாள்.

"அம்மா, பயமா இருக்கா?" அழுகை வந்துவிட்டது எனக்கு.

"இன்னாத்துக்கு பயம்? சேல கட்டிகினேன். தல காயுது. நல்ல வெயிலு." கொஞ்ச நேரம் கழித்து, "அண்ணி, வெத்தல இருந்தா மேல குடுங்க" என்றாள்.

அத்தை முக்காலியில் ஏறி வெற்றிலைப் பையை மேலாக நீட்டினாள். பலகைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி என்று ஊர்க் கதை ஆரம்பித்துவிட்டது. நான் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதே ஷிப்ட் முடிந்து அப்பா வந்தார். பார்த்தார். உளியை விட்டுக் குடைப் பலகையை நெம்பி எடுத்தார். அந்தச் சந்து வழியாக அம்மா வாய் சிவக்க வெளியே வந்தாள். சாயங்காலம் அப்பா கதவை ஒரு விரல் அளவுக்கு இழைத்தார். விரல் அவருடையது, இழைக்க வேண்டிய இடத்தைப் பென்சிலால் கோடு போட்டுக் காட்டியது நான். நோட்டிலும் திருத்திவிட்டேன்.

"சங்கு ஊதும்போது உள்ள மாட்டிகினியே, திக்குனு இல்ல?" என்று அத்தை இன்றைக்கும் கேட்பாள்.

"சங்கா? எப்ப ஊதுச்சி?" என்பாள் அம்மா.