ஏழு என்று சொன்னால்

கணக்கு டீச்சராக இருந்த காலத்தில் மார்க் விஷயத்தில் நான் படு கஞ்சம். முட்டி மாற்று ஆபரேஷன் முடிந்து அறைக்கு வந்ததும் நர்ஸ், "டீச்சர், வலி எவ்வளவு? பத்துக்கு ஒரு நம்பர் சொல்லுங்க" என்றபோதும் மூன்றுக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. நாகர்கோவில்காரி அவள். மூன்று என்று எழுதிக்கொண்டு, மாத்திரை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனாள். மறுபடி அவள் முகத்தைப் பார்க்க வெகுநேரம் ஆயிற்று.

ஆபரேஷனுக்கு வந்திருந்த மகன் லீவு முடிந்து துபாய்க்குப் போய்விட்டான். கூட இருப்பவர்களுக்கான கட்டிலில் என் பை மட்டும் படுத்திருந்தது.

மறுநாள் காலையில் நிஜமாகவே வலித்தது. ஏழு என்றேன். ஊசி போட்டாள். சரியாக அரை மணியில் திரும்பி வந்து, "இப்ப கொறஞ்சுதா டீச்சர்?" என்று கேட்டாள். ஊசி போட்டால் வந்து பார்த்தே ஆகவேண்டுமாம், அது அவர்கள் முறை. அடடா, இது முதலிலேயே தெரியாமல் போயிற்றே!

அதற்குப் பிறகு வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏழுதான். ஊசி குமட்டியது, தலை சுற்றியது. ஒருத்தி வந்து எட்டிப் பார்ப்பதற்காக உடம்பில் மருந்தை ஏற்றிக்கொண்டேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அவ்வளவு தனியாக இருந்தேன்.

மூன்றாம் நாள் அவள் ஊசி இல்லாமல் வந்து நின்றாள். "ஏழு வலி உள்ளவங்க எங்கிட்ட கல்யாணம் ஆச்சான்னு கேக்க மாட்டாங்க டீச்சர். டாக்டர் மருந்தக் கூட்டணும்னு சொல்லுகாரு. நெசத்தச் சொல்லுங்க."

"மூணுதான்" என்றேன், காப்பியடித்துப் பிடிபட்ட பிள்ளை மாதிரி.

திட்டவில்லை. மூன்று என்று எழுதிக்கொண்டு போனாள். அரை மணி கழித்து வெறும் கையோடு வந்து, என் பையை நகர்த்திவிட்டு அந்தக் கட்டிலில் உட்கார்ந்தாள். ஐந்து நிமிஷம் இருந்திருப்பாள். கல்யாணம் ஆகவில்லையாம்.

இப்போது கரமனையில் என் வீட்டில் இருக்கிறேன். காலை மடக்கிப் பயிற்சி செய்யும்போது உயிர் போகிறது. நேற்றுச் சாயங்காலம் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நேரத்தில் மகன் வீடியோவில் வந்தான்.

"வலி எப்டிம்மா இருக்கு? பத்துக்கு எவ்ளோ?"

எட்டு இருக்கும். எட்டு என்று சொன்னால் அங்கிருந்து அவன் என்ன செய்வான், பாவம்.

"மூணுடா கண்ணா."

"சூப்பர்மா. மீட்டிங் இருக்கு, அப்பறம் கூப்பிடறேன்."

அரை மணி நேரம் ஃபோனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.