எண்பது கிலோ ஆள்

என் வீட்டுக்காரர் படகுப் பட்டறையில் புரொப்பலர், அதாவது படகைத் தள்ளும் விசிறி, பொருத்துபவர். ஆள் கொஞ்சம் அகலம். கொஞ்சம் என்பது நான் மரியாதைக்குச் சொல்வது. எடை கேட்டால் "எண்பது" என்பார். கல்யாணத்தின்போது சொன்ன அதே எண்பது! எங்கள் வீட்டில் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கேட்டால் வேறு கணக்குச் சொல்லும்.

முழு வேகத்தில் இஞ்சின் மீட்டர் நிமிடத்துக்கு ஐயாயிரத்து ஐந்நூறு சுற்றில் நிற்க வேண்டும். அதைத் தாண்டி எகிறினால் புரொப்பலர் இதழுக்கு முறுக்கு போதவில்லை என்று அர்த்தம், இஞ்சின் சீக்கிரம் தேய்ந்துவிடும். எட்டாவிட்டால் முறுக்கு அதிகம், இஞ்சின் முக்கும். இவர் தானே ஓட்டிப் பார்த்து, மாற்றி மாற்றிப் பொருத்துவார்.

தபால்காரரின் சின்னப் படகுக்கும் அப்படித்தான் பொருத்தினார். தபால்காரர் ஊதினால் பறந்துவிடும் உடம்பு. இஞ்சின் தொண்டை கிழியக் கத்துகிறது என்று வந்து நின்றார். ஏற்கெனவே இரண்டு பேர் இதே புகாரோடு வந்திருந்ததால் பட்டறை முதலாளியம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"என் கண்ணு முன்னால ஓட்டிக் காட்டுங்க. தப்பு உங்க மேலன்னா நாளையிலிருந்து வர வேண்டாம்."

அங்கேயே படகுக்குப் பெயிண்ட் அடிக்கும் நான் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடினேன்.

என் வீட்டுக்காரர் ஓட்டினார். மீட்டர் ஐயாயிரத்து ஐந்நூறில் கச்சிதமாக நின்றது. அடுத்துத் தபால்காரர் தனியாக ஓட்ட, கரை வரைக்கும் இஞ்சின் அலறல்.

"ஆறாயிரத்தைத் தாண்டிருச்சு! அண்ணே, நீங்க இருந்தா சமத்தா இருக்கு, இறங்கினதும் கத்துது."

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. இவருக்கும்தான், காது மடல் சிவந்துவிட்டது. பக்கத்தில் போய், "சொல்லிடுங்க" என்றேன்.

"வேலை போனா போகுது. நீ வாயத் திறக்காத."

அட கடவுளே! சோற்றை விட வெட்கமா பெரிது?

தபால்காரர் பாவம், முதலாளியம்மாவிடம் கெஞ்ச ஆரம்பித்தார். "எனக்குத்தான் ஓட்டத் தெரியல போலம்மா. அண்ணனை விட்டுடுங்க."

அதைத்தான் இவரால் தாங்க முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"அவர் மேல தப்பில்லம்மா. நான் எண்பது கிலோ இல்ல, நூத்தி நாப்பது. நான் உக்காந்த கனத்துக்குத்தான் எல்லாருக்கும் மாட்டிவிட்டிருக்கேன். நான் இறங்கினா கனம் குறைஞ்சு இஞ்சின் எகிறுது."

முதலில் வெல்டர் சிரித்தார். பிறகு பட்டறையே சிரித்தது. முதலாளியம்மாவும் சிரித்ததில் வேலை தப்பியது தெரிந்தது. இவர் வேறு யாரையும் பார்க்காமல் என்னைத் தேடினார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன்.