லட்சுமி காலடியில் ஆந்தை

எங்கள் சிவகாசியில் ஆடிப் பதினெட்டு அன்று புது வருடக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பத்துக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். அடுத்த வாரமே ஆர்டர் பிடிக்க ஆட்கள் ஆளுக்கொரு திசையில் ரயில் ஏறிவிடுவார்கள். செல்போனில் ரோமிங் காசு அநியாயமாகக் கரைந்த காலம் அது. அப்படி ஒரு ஆடியில் நானும் ஏறினேன், வங்காளத்துக் கடற்கரை ஊரான திகாவுக்கு. பெண்பிள்ளை ஆர்டர் பிடிக்கப் போவதா என்று சொந்தத்தில் ஆளாளுக்கு வாயைப் பிளந்தார்கள். பிளக்கட்டும் என்று விட்டுவிட்டேன். எனக்கு இந்தி வரும், வாயும் உண்டு. வேறென்ன வேண்டும்?

அப்பாவுக்கு நான் ஒரே பிள்ளை. எங்கள் காலண்டர் அச்சகத்தை அத்தை மகனிடம் ஒப்படைத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் விடுவேனா? நச்சரித்து நச்சரித்தே அப்பாவை இறங்கி வரவைத்தேன்.

"இந்த ஒரு பார்ட்டிய முடிச்சுட்டு வா, பாப்போம். வெறுங்கையோட வந்தீன்னா உங்க அத்தை மகன் பாத்துக்கட்டும். அப்புறம் நீ வாயத் திறக்கக் கூடாது" என்றார். துணைக்கு அம்மாவை அனுப்பினார்.

அந்தப் பார்ட்டி திகாவில் பெரிய ஜவுளிக்கடைக்காரர். தன் கடைக் காலண்டரில் போட ஒரு லட்சுமி படத்தைக் கூரியரில் அனுப்பியிருந்தார். தேவியின் காலடியில் ஒரு வெள்ளை ஆந்தை. ஆந்தை அலறினாலே வீட்டுக்கு ஆகாது என்கிற ஊர் எங்களுடையது. அப்பா முகத்தைச் சுளித்துக்கொண்டு டிசைனரைக் கூப்பிட்டு, ஆந்தையை அழித்து அங்கே ஒரு தாமரையை வைத்து ஆல்பத்தில் சேர்க்கச் சொன்னார். யாருக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. கேட்காமலே பார்ட்டிக்கு ஒரு நல்லது செய்துவிட்ட திருப்தியில் இருந்தோம்.

விருதுநகரில் ஏறி, சென்னையில் ஹவுரா ரயிலுக்கு மாறினோம். எதிர் இருக்கையில் ஒரு வங்காளத்து அம்மாள், வேலூரில் கணவருக்கு வைத்தியம் பார்த்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். பாஷை தெரியாத அம்மா அவரைச் சாத்தூர்ச் சேவுப் பொட்டலத்தை வைத்தே சிநேகிதியாக்கிவிட்டாள். ஓங்கோல் தாண்டுவதற்குள் இரண்டு பேரும் மருந்துச் சீட்டு முதல் மருமகள் வரை கையாலேயே பேசி முடித்திருந்தார்கள். நான் நடுவில் புகுந்து மொழிபெயர்த்தது அவர்களுக்குத் தொந்தரவாகத்தான் இருந்திருக்கும்.

கோதாவரிப் பாலம் கடந்ததும், பெருமை தாங்காமல் ஆல்பத்தைப் பிரித்துக் காட்டினேன். அந்த அம்மாள் ஒவ்வொரு படமாகத் தொட்டு நெற்றியில் ஒற்றிக்கொண்டே வந்தவர் லட்சுமியிடம் நின்றுவிட்டார்.

"ஆந்தை எங்கே?" என்று இந்தியில் கேட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். "அது அவளுடைய வாகனம். வயலில் எலியைப் பிடித்து நெல்லைக் காப்பாற்றுவது அதுதான். அதையும் பிடுங்கிக்கொண்டால் லட்சுமி எங்கள் வீட்டுக்கு நடந்தா வருவாள்?"

உடனே அப்பாவுக்குப் போன் போட்டேன். அவர் மசியவில்லை. "லட்சுமி பக்கத்துல ஆந்தையா? நம்ம மிஷின்ல அது ஓடாது. தாமரைதான்னு சொல்லு. வேணாம்னா ஆல்பத்தத் தூக்கிட்டுக் கிளம்பி வா."

"அப்பா சொல்றதுதான் சரி" என்றாள் அம்மா. தாலியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஆந்தைய நடுவீட்டுல மாட்டிக்கிட்டு எப்பிடித்தான் சோறு இறங்குதோ இவுகளுக்கு?" அப்பா சொல்லைத் தாண்டி அம்மா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஒடிசா முழுக்க ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். கட்டக் வருவதற்குள் என்ன செய்வது என்று முடிவு செய்துவிட்டேன்.

ஹவுராவில் இன்னொரு ரயில் பிடித்துத் திகா போய்ச் சேர்ந்தோம். கலங்கிக் கிடந்த கடலைப் பார்த்துவிட்டு, "நம்ம திருச்செந்தூருக்கு இது உறைபோடக் காணாது" என்று அம்மா முடித்துக்கொண்டாள்.

கடைக்காரர் படத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறும் முன்பே நான் பேசிவிட்டேன். "ஆந்தை இல்லைதான். எங்கள் ஊர் வழக்கத்தில் எடுத்துவிட்டோம். உங்களுக்கு அடித்து வரும்போது ஆந்தையோடுதான் வரும்."

"உங்கள் முதலாளி ஒத்துக்கொள்வாரா?" என்றார். "போன வருடம் வேறொரு கம்பெனி இப்படித்தான் தலையை ஆட்டிவிட்டுப் போய், ஆந்தை இருக்கும் இடத்தில் கிளியைப் போட்டு அனுப்பியது."

"முதலாளியிடம்தான் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்" என்றேன். குரல் நடுங்கவில்லை. அதில் எனக்கு இன்றைக்கும் கர்வம் உண்டு.

அவர் நம்பவில்லை. என் வயதை எடைபோட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தார். பெரியவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்.

"என்னடி கேக்குறாரு?" என்றாள் அம்மா.

சொன்னேன். அவள் இல்லை என்று தலையை அசைத்தால் தீர்ந்தது. அத்தை மகன் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவான். அம்மா ஆந்தை இல்லாத அந்தப் படத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு ஆந்தை வேணும்னாலும் போட்டுத் தாரோம்னு சொல்லு" என்றாள்.