நாலுகால் மண்டபமும் ஒரு மூக்குத்தியும்

மூன்று வருடங்களுக்கு முன், மார்கழி முடிகிற சமயத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் ஒரகடத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவில், பெரிய சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. ஊருக்குத் திரும்பும் இடத்தில், சாலையோரமாக, பழைய காலத்து நாலுகால் கல் மண்டபம் ஒன்று உண்டு. மாட்டுப் பொங்கலன்று எங்கள் ஊர்ப் பெருமாள் பார்வேட்டை என்னும் வேட்டை உற்சவத்துக்குப் புறப்பட்டு வந்து அதில்தான் எழுந்தருளுவார். வருடத்தில் அந்த ஒரு நாள் அது பெருமாளுக்கு. மற்ற நாளெல்லாம் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்களுக்கு.

எங்கள் வீட்டு மாடியில் மூன்று அறைகளை அப்படிப்பட்ட பெண்களுக்குத்தான் வாடகைக்கு விட்டிருக்கிறோம். தென்காசி, சங்கரன்கோவில், சிவகங்கை என்று தெற்கேயிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஷிப்டுக்குப் போகும் முன் மண்டபத்தில் உட்கார்ந்து தலை பின்னுவார்கள், தூணில் சாய்ந்துகொண்டு செல்ஃபி எடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். ஊரில் சிலருக்கு இது பிடிக்காது. முக்கியமாக என் கணவரின் பெரியப்பாவுக்கு. கோயில் காரியங்களை அவர்தான் முன்னின்று பார்க்கிறார். பெருமாள் உட்காரும் இடத்தில் இந்தப் பெண்கள் பல்லைக் காட்டிப் போட்டோ எடுக்கிறார்களே என்று என்னிடம்தான் வந்து முறையிடுவார். அறையை வாடகைக்கு விட்டவள் நான்தானே, பல்லுக்கும் நானே பொறுப்பு.

அந்த வருடம் சாலையை அகலப்படுத்தும் வேலை வந்தது. கன்டெய்னர் லாரிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகிற சாலை, அகலப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் மண்டபம் சரியாகப் புதுத் தார் விழும் இடத்தில் நின்றது. ஊர்க்கூட்டம் போட்டார்கள். பாதிப் பேர், உள்ளே தள்ளி கான்கிரீட்டில் புது மண்டபம் கட்டி டைல்ஸ் ஒட்டிவிடலாம், துடைக்கவும் சுலபம் என்றார்கள். பெரியப்பாவும் அந்தக் கட்சிதான். பழைய கற்களை வாசற்படிக்கோ துணி துவைக்கவோ வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்றும் பேச்சு வந்தது.

என் கணவர் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறார். அன்றைக்கு மட்டும் எழுந்து நின்று, வீடு மாதிரி இருக்கிற மெஷினையே பிரித்து வேறு ஷெட்டில் கொண்டுபோய்க் கோத்தவர்கள் நாங்கள், நாலு தூணைக் கோக்க மாட்டோமா, பார்வேட்டைக்குள் நிறுத்திக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பெரியப்பா விடவில்லை. பெருமாள் வருகிற அன்று மண்டபம் நின்றால் சரி, இல்லையென்றால் பொங்கல் முடிந்ததும் கான்கிரீட்டுக்குக் கடைக்கால் தோண்டிவிடுவோம், அப்புறம் யாரும் பேசக்கூடாது என்றார். கூட்டமும் அதற்குத் தலையாட்டியது. வீட்டுக்கு வந்ததும், உங்களை யார் வாயைத் திறக்கச் சொன்னது என்று கேட்டேன். கேட்டேனே தவிர, உள்ளுக்குள் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மாடியில் இருந்த சங்கரன்கோவில் பெண் ஒருத்தி, புது இடத்திலும் பஸ்ஸுக்கு நிற்க வசதியாக மண்டபத்தைச் சாலையைப் பார்த்தே வைக்கச் சொல்லுங்கள் அக்கா என்று கேட்டிருந்தாள். அதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் சொன்ன பதில் எனக்கே சுருக்கென்று இருந்தது.

“ரூமு காலி பண்ணிகினு போறவங்களுக்கு இன்னாத்துக்குமா மண்டபம்?”

இந்தப் பதிலை நான் அவளிடம் சொல்லவில்லை.

மாமல்லபுரம் பக்கத்திலிருந்து ஒரு ஸ்தபதி வந்தார். அவர் மேற்பார்வையில், கிரேன் வைத்து ஒவ்வொரு கல்லாக இறக்கினார்கள். மெஷினைப் பிரிக்கும்போது எது எதோடு சேரும் என்று தெரிவதற்காக இரண்டு பாகத்திலும் ஒரே எண்ணைப் போட்டு வைப்பார்களாம். அதற்கு மேட்ச் மார்க் என்று பெயர். என் கணவர் கற்களிலும் அதையே செய்தார். சாமி கல்லில் பெயின்ட் படக்கூடாது என்று ஸ்தபதி சொல்லிவிட்டதால், கம்பெனியில் ஒட்டுவது போன்ற மஞ்சள் ஸ்டிக்கரில் எண் எழுதி, மேலே பிளாஸ்டிக் டேப் போட்டு ஒட்டினார். எந்த எண் எங்கே வரும் என்று அழகாக ஒரு படமும் வரைந்து வைத்துக்கொண்டார். கற்கள் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் களத்தில் அடுக்கப்பட்டன. உள்ளே தள்ளிப் புது மேடையும் தயாரானது.

போகிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என் கணவருக்கு ஓ.டி. அவருடைய பிரிவில் வேலை செய்யும் பையன்கள், அண்ணன் தனியாகக் கஷ்டப்படுகிறாரே என்று உதவிக்கு வந்தார்கள். கற்களைக் கழுவி வையுங்கள் என்று அவர் போனில் சொல்லியிருந்தார். அவர்களும் வாட்டர் சர்வீஸ் கடையிலிருந்து பம்பு கொண்டுவந்து, பாசி, பறவை எச்சம், காலகாலமாக ஒட்டியிருந்த போஸ்டர் பசை எல்லாவற்றையும் பளிச்சென்று கழுவினார்கள். கழுவுவதற்கு முன், கழுவிய பின் என்று இரண்டு படம் எடுத்து கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். கேன்டீனில் உட்கார்ந்திருந்த என் கணவர் கைதட்டும் பொம்மையை அனுப்பிவிட்டு, அப்புறம்தான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருக்கிறார். ஒரு கல்லிலும் மஞ்சள் நிறம் இல்லை.

பையன்களைக் குற்றம் சொல்ல முடியாது. பழைய ஸ்டிக்கர் ஒட்டிய பொருள் கம்பெனிக்குள் இருக்கக்கூடாது, ஆடிட்டுக்கு வருகிறவர்கள் முதலில் அதைத்தான் பார்ப்பார்கள் என்று சொல்லிச் சொல்லி அவர்களைப் பழக்கியவரே இவர்தான். சுரண்டிச் சுரண்டி, பசைகூட இல்லாமல் எடுத்திருந்தார்கள். அவ்வளவு நல்ல வாத்தியார்.

வீட்டுக்கு வந்தவர் சட்டைகூடக் கழற்றாமல் கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“எல்லா ஸ்டிக்கரையும் பிச்சிப்பூட்டானுங்க. எந்தக் கல்லு எங்க வரும்னே தெர்லடி.”

கேலி செய்யத்தான் வாய் வந்தது. முகத்தைப் பார்த்ததும் காபி போடப் போய்விட்டேன்.

பிரித்தபோது எடுத்த போட்டோ இருக்குமே என்று கேட்டேன். இருந்தது, நிறையவே இருந்தது. எல்லாவற்றிலும் கிரேன்தான் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நடுவில் நின்றது. தூண்கள் எங்கோ மூலையில் சின்னதாகத் தெரிந்தன. ஆண்பிள்ளைகள் கையில் கேமராவைக் கொடுத்தால் கிரேனைத்தான் எடுப்பார்கள்.

மறுநாள் காலையிலேயே ஸ்தபதி வந்து பார்த்தார். உத்திரங்களையும் மூடுகற்களையும் அளவை வைத்து இடம் சொல்லிவிடலாம், தூண்கள்தான் சிக்கல் என்றார். ஒவ்வொரு தூணின் தலையும் அதன் மேல் வரும் கல்லுக்கென்றே கொத்தியது. மூலை மாறினால் உட்காராது, தூக்கித் தூக்கிப் போட்டுப் பார்த்தால் விளிம்பு உடையும் என்றார். தூண்களில் இருந்த அடையாளம் சிற்பங்கள்தான். ஒன்றில் குரங்கு, ஒன்றில் மீன், மற்ற இரண்டில் ஆமையும் அன்னமும். எது எந்த மூலையில் இருந்தது என்று ஊரைக் கேட்டார்கள். ஆளுக்கொரு மூலை சொன்னார்கள். பிறந்ததிலிருந்து பார்த்துவருகிறேன் என்று சத்தியம் செய்த இரண்டு பேர், குரங்கை எதிரெதிர் மூலையில் நிறுத்திவிட்டுச் சண்டைக்கே போய்விட்டார்கள். எனக்கும் தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதைத் தாண்டித்தான் போகிறேன், வருகிறேன். அதில் அன்னம் இருந்ததே அன்றைக்குத்தான் தெரியும்.

கான்கிரீட் போடும் மேஸ்திரிக்குப் பெரியப்பா போன் செய்துவிட்டார் என்று மத்தியானமே செய்தி வந்தது. என் கணவர் சாப்பிட உட்கார்ந்து, தட்டில் கை வைத்தபடியே இருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஊர் நடுவில் எழுந்து பேசிய மனிதர்.

அப்போதுதான் ஷிப்டு முடிந்து மாடிக்கு ஏறப்போன சங்கரன்கோவில் பெண், என்னக்கா என்று கேட்டாள். சொன்னேன். அவள் கொஞ்சம் தயங்கினாள். மண்டபத்தில் போட்டோ எடுப்பதற்கு ஊரில் பேச்சு வாங்கியிருந்தாள் அல்லவா.

“அக்கா, நான் அங்கன நின்னு எடுத்த போட்டோ நெறைய கெடக்கு. பாக்கியளா?”

அவளிடம் மட்டுமா இருந்தது? மாடியில் இருந்த பெண்கள் எல்லோரும் போனைத் துழாவினார்கள். ஏற்கெனவே அறையைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போனவர்கள், கல்யாணமாகிப் போனவர்கள் எல்லோரையும் பழைய குரூப்பில் பிடித்தார்கள். சாயங்காலத்துக்குள் எங்கெங்கிருந்தோ படங்கள் வந்து விழுந்தன. பிறந்த நாள் கேக்கோடு ஒருத்தி, புதுச் சுடிதாரோடு ஒருத்தி, அழுது முடித்த கண்ணோடு ஒருத்தி. எல்லோருக்கும் பின்னால் எங்கள் மண்டபம். பின்பக்கத்து ஆமையும் அன்னமும் சீக்கிரமே மூலை சேர்ந்துவிட்டன. அந்தப் பக்கம் எடுத்த படங்களில் ஓரத்து டீக்கடையும் தெளிவாக விழுந்திருந்தது, எந்தத் தூண் கடைப் பக்கம் என்று பார்த்தாலே போதும்.

சாலைப் பக்கத்துத் தூண்கள் இரண்டில்தான் தகராறு. உள்ளே நின்று சாலைக்கு முதுகு காட்டி எடுத்த படங்கள் அவை. பின்னால் தெரிவது எதிர்ப்பக்கத்து ஏரிக்கரை மட்டும். ஏரிக்கரையில் இடம் ஏது, வலம் ஏது. சில படங்களில் குரங்கு இடப்பக்கம், மீன் வலப்பக்கம். சிலவற்றில் நேர்மாறாக இருந்தது. என் கணவர் தலையைப் பிடித்துக்கொண்டார். தூணா நடந்து போகும் என்று ஸ்தபதியே குழம்பிவிட்டார்.

நான் சங்கரன்கோவில் பெண்ணின் போனை வாங்கிப் பார்த்தேன். தூணைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அவள் முகத்தைத் தினமும் பார்க்கிறவள் நான். அந்தப் படத்தில் அவள் முகம் என்னவோ போல் இருந்தது. எதிரில் நிற்கிறவளை நிமிர்ந்து பார்த்தேன், திரும்பப் படத்தைப் பார்த்தேன்.

“ஏம்மா, உன் மூக்குத்தி இதுல அந்தாண்ட கீது?”

அவளுக்கு மூக்குக் குத்தியது வாலாஜாபாத்தில். ஊரிலிருந்து அம்மா வர முடியாததால் நான்தான் கூட்டிப்போனேன். வலப்பக்கம்தான் குத்த வேண்டும் என்று அவள் அம்மா போனிலேயே சொல்ல, இவள் தலையை நான் பிடித்துக்கொண்டு நின்றேன். அதனால் எனக்குச் சந்தேகமே இல்லை. படத்தில் மூக்குத்தி இடப்பக்கம் இருந்தது. அவளுக்கு அது தெரியவே இல்லை, கண்ணாடியில் அப்படிப் பார்த்தே பழகிவிட்டாளாம். செல்ஃபி எடுத்தால் சில போன்கள் கண்ணாடி மாதிரியே இடம் வலம் மாற்றிச் சேமித்துவிடும் என்று அப்புறம் பெண்கள்தான் விளக்கினார்கள்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. தூணை விட்டுவிட்டு எல்லோரும் பெண்களின் மூக்கைப் பார்த்தோம். மூக்குத்தி இல்லாதவர்களுக்கு யூனிபார்ம் பாக்கெட்டைப் பார்த்தோம், அது எப்போதும் இடப்பக்கம். திரும்பியிருந்த படங்களைத் தனியே ஒதுக்கி, சரியாக மாற்றிப் பார்த்தபோது, தென் மாவட்டத்து மூக்குகள் எல்லாம் ஒரே குரலில் சாட்சி சொன்னது போல் குரங்கு எல்லாப் படத்திலும் ஒரே மூலையில் நின்றது.

போகியன்று மத்தியானம், குரங்குத் தூணின் மேல் கல் இறங்கியது. கொஞ்சமும் ஆடாமல் உட்கார்ந்தது. ஸ்தபதி கையால் தட்டிப் பார்த்து, சரி என்று மட்டும் சொன்னார். என் கணவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். வியர்வை என்றார், இருக்கட்டும். அன்று மாலை சங்கரன்கோவில் பெண் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ பிடித்து, ரயிலேறி பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டாள்.

மாட்டுப் பொங்கலன்று பெருமாள் மண்டபத்தில் எழுந்தருளினார். கற்பூரம் காட்டும் நேரத்தில் நான் அந்தப் பெண்ணுக்கு வீடியோ கால் போட்டேன். கூட்டத்தில் என் கைக்கு எட்டவில்லை, தலைகளாகவே தெரிந்தன. பக்கத்தில் நின்ற பெரியப்பா, யார் என்று கேட்டார். சொன்னேன். போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு, கூட்டத்தை விலக்கி முன்னால் போனார். பெருமாளைக் காட்டினார். அப்புறம் போனைத் தூண் பக்கம் திருப்பினார்.

“தெரியுதாமா? உன் கொரங்கு இதோ கீது பார்.”

போனில் அவளும் அவள் அம்மாவும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தரிசனம் முடியும்வரை போனைப் பிடித்த பெரியப்பாவின் கை இறங்கவில்லை.

இப்போது அவளுக்குக் கல்யாணமாகிவிட்டது, மாடியில் வேறு பெண்கள் இருக்கிறார்கள். அவர்களும் அந்த மண்டபத்தில்தான் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். கடைக்குப் போகும்போது பார்த்தால் நின்று, கொஞ்சம் தள்ளி நில்லும்மா, தூண் முழுசாக விழட்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். எங்கள் ஊர்ச் சொத்தை நாங்கள்தான் காப்பாற்றுவோம் என்று நினைத்திருந்தேன், ஆனால் நாங்கள் பார்க்காமல் விட்டதையெல்லாம் போகிற ஊருக்கெல்லாம் பத்திரமாகக் கொண்டுபோய் வைத்திருந்த பெண்கள் அவர்கள் என்று தெரிந்த பிறகு, அந்த மண்டபத்தில் நிற்கிற யாரையும் வேற்று ஊர் ஆளாகப் பார்க்க எனக்கு மனம் வருவதில்லை.