வாசனையில்லாத சட்டை

என் அக்கா குடித்துச் சம்பாதிக்கிறவள். இது நான் சொல்வதல்ல, அத்தான் சொல்வது. "அவ குடிச்சுச் சம்பாதிக்கிறா, நான் முடி வெட்டிச் சம்பாதிக்கிறேன். குடும்பம் அமோகமா நடக்குது" என்று சலூனுக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்வார். அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். "நான் எங்கே குடிக்கிறேன்? வாயில வச்சுத் துப்புறேன்" என்பாள்.

துப்புவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். பீப்பாய் பீப்பாயாக போர்பன் விஸ்கி வாங்கி, தேறியதை மட்டும் புட்டியில் அடைத்து விற்கும் நிறுவனம் அது. மக்காச்சோளத்தில் வடித்து, உட்புறம் கருக்கிய ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் ஊறிய சரக்கு. தண்ணீர் கலக்காமல் பீப்பாயிலிருந்து அப்படியே எடுத்தால் பாதிக்கு மேல் ஆல்கஹால்தான். ஒருமுறை ஆசைப்பட்டு முகர்ந்து பார்த்தேன். கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "கிளாஸுக்குள்ள மூக்கை விட்டா அப்படித்தான்டா. தாடைக்கிட்ட வச்சுக்கிட்டு, வாயை லேசாத் திறந்து, அது தானா வர்ற வரைக்கும் காத்திருக்கணும்."

முதல் வாய் நாக்கைப் பழக்க மட்டும். அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. இரண்டாவது வாயில்தான் சரக்கு பேசும். பிறகு சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, காரம் தணிந்து என்ன வெளியே வருகிறது என்று பார்ப்பார்கள். எப்போதாவது ஒன்று, அத்தனை காரத்திலும் எதையும் மறைக்காமல் தன்னை முழுசாகக் காட்டிவிடும். அதற்கு அவர்கள் "தண்ணி வேண்டாம்" என்பார்கள். அதற்கு மேல் பாராட்டு அங்கே கிடையாது.

ஒரு கிளாஸுக்கும் அடுத்த கிளாஸுக்கும் நடுவில் மூக்கைத் துடைத்துவைத்த மாதிரி ஆக்கிக்கொள்ள வேண்டும். அவளோடு ருசி பார்க்கிற மற்ற இருவரும் வெறும் தண்ணீரை முகர்வார்கள். அக்கா தன் வெள்ளைக் கோட்டின் முழங்கை மடிப்பில் முகம் புதைத்துக்கொள்வாள். அதற்காகவே வீட்டில் மணக்கிற சோப்பு கிடையாது, பவுடர் கிடையாது, சென்ட் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரி அவளைக் கஞ்சம் என்றே முடிவு கட்டிவிட்டாள்.

அத்தான் கதைதான் விசித்திரம். பகலெல்லாம் லோஷனும் பவுடரும் தலைச்சாயமுமாக நிற்கிற மனிதர், வீட்டுக்கு வரும்போது மேலே ஒரு வாடையும் இருக்காது. கேட்டால், "கடையைப் பூட்டும்போது வாசனையையும் உள்ளே வச்சுப் பூட்டிடுவேன்" என்பார். நாங்களும் சிரித்துவிட்டு விட்டுவிடுவோம்.

அப்படிப்பட்டவர் கடையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டு. கூடமாட ஒத்தாசைக்கு அவருடைய அக்கா வந்து சேர்ந்தார். தங்கமான மனுஷி. வந்த கையோடு சமைத்தார், பெருக்கினார், வீட்டிலிருந்த துணி ஒன்று விடாமல் துவைத்துப் போட்டார்.

மறுநாள் சாயங்காலம் நான் அத்தானைப் பார்க்கப் போயிருந்தேன். அக்கா வேலையிலிருந்து வந்தவள், பையை மூலையில் வீசிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என் மூக்கு போயிடுச்சுங்க."

புதிதாக வந்த சரக்கு. கூட இருந்த இரண்டு பேரும் பிரமாதம் என்றிருக்கிறார்கள். இவளுக்கு மட்டும் எல்லாக் கிளாஸிலும் ஏதோ மலிவான பூ வாடை. மொத்தத்தையும் தள்ளிவிட்டாள். மேலாளர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நாளைக்கு இதையே மறுபடி பாருங்கள், நாளைக்கும் இப்படித்தான் என்றால் லேபிள் பிரிவுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று தன்மையாகவே சொல்லியிருக்கிறார். கல்யாணத்தன்றுகூட அழாதவள் அன்று தேம்பித் தேம்பி அழுதாள். அந்த மூக்கைத் தவிர அவளிடம் வேறு என்ன இருக்கிறது?

"என்ன பூ?" என்றார் அத்தான்.

"பூவே இல்லை. பூ மாதிரி வேஷம் போட்ட ஏதோ ஒண்ணு."

அத்தான் நல்ல கையால் அவள் பையிலிருந்து கோட்டை உருவி முகர்ந்தார். கட்டுப் போட்ட கை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"அடியே, உன் மூக்கு போகலை. எங்க அக்கா வந்திருக்கா."

அவர் அக்கா சமையலறையிலிருந்து துணி அலசும்போது மணத்துக்கு ஊற்றுகிற ஊதா நிறப் புட்டி ஒன்றோடு எட்டிப் பார்த்தார். "கமகமன்னு இருக்கட்டுமேன்னு நான்தான் ரெண்டு மூடி சேர்த்து ஊத்தினேன்…" விஷயம் புரிந்ததும் பாவம், முகம் சுருங்கிவிட்டது. அக்கா எழுந்து போய் அவரைக் கட்டிக்கொண்டாள். "உங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணி? எனக்கே தெரியலை." வீடு முழுக்க அதே மணம் என்பதால் மூக்கு பழகிப்போயிருக்கிறது. வேலை செய்கிற இடத்தில்தான் அது தனியாகத் தெரிந்திருக்கிறது.

காலைக்குள் அந்த வாசனை போகாது. வேறு துணியும் மிச்சமில்லை. அத்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "கடைக்குப் பின்னால என் சட்டை ஒண்ணு தொங்கும். அதைப் போட்டுக்கிட்டுப் போ."

"கடையிலயா? லோஷன் வாடை அடிக்குமே!"

"அடிக்காது. போய்ப் பாரு."

காலையில் அக்காவோடு போய் நான்தான் ஷட்டரைத் தூக்கினேன். நாற்காலிகளைத் தாண்டி, பின்பக்கக் கதவைத் திறந்தால் ஒரு சின்ன முற்றம். ஒரு குழாய். தேய்ந்து வில்லையாகிப்போன மணமில்லாத துணி சோப்பு. நார் மழுங்கிய பிரஷ். ஒரு பக்கம் ஆணியில் கடை உடுப்பு. எட்டத்தில், பிளாஸ்டிக் உறைக்குள், வீட்டுக்கு வரும்போது போடுகிற சட்டை. குழாயடியில் சோப்புத் தண்ணீர் வெள்ளையாகக் காய்ந்து கிடந்தது. அதில் சுவர் வரைக்கும் ஒரு கால் சறுக்கிய தடம்.

அக்கா அந்தத் தடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"தினமும் இங்கே நின்னு தேய்ச்சுக் கழுவிட்டு வந்திருக்கார்டா. குளிர்லயும். ஒரு வார்த்தை சொன்னதில்லை."

அக்காவை இவருக்குக் கட்டிக்கொடுத்தபோது மூக்கைச் சுளித்த சொந்தக்காரர்களில் நானும் ஒருவன். அந்த மனிதருக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

தொளதொள சட்டையில், கையை மடித்துவிட்டுக்கொண்டு போனவளைப் பார்த்து கூட இருந்தவர்கள் சிரித்தார்களாம். அவள் கண்டுகொள்ளவில்லை. முழங்கை மடிப்பில் முகம் புதைத்தாள். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. முதல் வாய். இரண்டாவது வாயில் கருகிய சர்க்கரை வந்தது, பின்னாலேயே வனிலா, நாக்கின் ஓரத்தில் மிளகு, எல்லாம் இறங்கிய பிறகும் போக மனசில்லாமல் நின்ற ஓக் மரம். தண்ணீர்ச் சொட்டுக் குழாயை எடுத்தவள், திரும்பக் கீழே வைத்துவிட்டாள்.

"நேத்து நான் சொன்னது தப்பு சார். கோளாறு சரக்குல இல்லை, என் கோட்டுல. இதுக்குத் தண்ணி வேண்டாம்."

மேலாளர் தானும் ஒரு வாய் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். லேபிள் பிரிவுப் பேச்சு அத்தோடு போனது.

கட்டுப் பிரித்து அத்தான் மறுபடி கடை திறந்த வாரம், அக்கா ஒரு கட்டளை போட்டாள். "சனிக்கிழமை மட்டும் கழுவாதீங்க. மறுநாள் எனக்கு லீவு. அப்படியே வாங்க."

அந்தச் சனிக்கிழமை நானும் அங்கே இருந்தேன். அத்தான் லோஷனும் பவுடருமாக, காலரில் யாருடைய முடியோ ஒட்டியிருக்க, புது மாப்பிள்ளை மாதிரி வாசலில் கூச்சப்பட்டுக்கொண்டு நின்றார். அக்கா நான் இருப்பதைக்கூடச் சட்டை செய்யாமல் அவர் காலரைப் பிடித்து முகர்ந்தாள்.

"முதல்ல எலுமிச்சை. அப்புறம் பவுடர். ம்… யாருக்கோ சாயம் பூசியிருக்கீங்க."

"தேறுவேனா?" என்றார் அத்தான்.

அவள் நிமிரவில்லை. அவர் தோளுக்குள்ளிருந்து நனைந்த குரல் மட்டும் வந்தது.

"தண்ணி வேண்டாம்."